ஒரே காலையில் இரண்டு முறை எழுந்தவர்

போன மாதம் நந்தினி என்னைப் பார்க்க பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்திருந்தாள். மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். செருப்பைக் கழற்றும்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

“லீலா மேடம், இப்பல்லாம் எல்லாரும் கையில வாட்ச் கட்டிட்டு வந்துடறாங்க. ‘என் ஸ்லீப் ஸ்கோர் இதுலயே இருக்கு, நீங்க என்ன புதுசா கண்டுபிடிக்கப் போறீங்க’ன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?”

“அதைக் கட்டிக்கிட்டு நிம்மதியா தூங்கறாங்களா?”

“எங்க மேடம்? காலையில எழுந்து ஸ்கோரைப் பாத்துட்டு, சரியா தூங்கலையேன்னு அன்னைக்கு முழுக்கக் கவலைப்படறாங்க. அந்தக் கவலையில அடுத்த நாளும் தூக்கம் போச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாட்ச்சை நான் குறை சொல்ல மாட்டேன். என் காலத்தில் இருந்திருந்தால் முதல் ஆளாக நானே வாங்கியிருப்பேன். அடுத்தவர் தூக்கத்தை எட்டிப் பார்ப்பதற்கே மாதச் சம்பளம் வாங்கியவள் நான். ஆனாலும் நந்தினி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பதிலாக ஜெயசீலன் என்ற பஸ் டிரைவரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதை எழுதி வைங்க மேடம்” என்றாள். எழுதுகிறேன்.

நான் முதலில் இதயத்துடிப்புப் படம் எடுக்கும் வேலையில்தான் சேர்ந்தேன். பிறகு மூளை அலைகளைப் பதிவு செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். மருத்துவமனையில் தூக்கத்துக்கென்று தனிக்கூடம் திறந்தபோது, ராத்திரி வேலை என்று எல்லாரும் பின்வாங்கினார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன். வேலை மேல் உள்ள பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்ணை மூடிய பிறகு மனுஷனுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசை. “ஊரான் தூங்கறதைப் பாக்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று சொல்வார்கள். பசியைப் பற்றி எனக்குத் தெரியாது. நித்திரையைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. நித்திரைக்குப் பஞ்சு மெத்தையும் கட்டாந்தரையும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பகலில் நீங்கள் என்ன செய்தீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள், எதை முடிக்காமல் வைத்துவிட்டு வந்தீர்கள் என்பதெல்லாம் அதற்கு நன்றாகத் தெரியும். அமெரிக்கக்காரர்களுக்கு போனில் பதில் சொல்லும் வேலை பார்த்த ஒரு பெண் வந்திருந்தாள். தூக்கத்தில் சுத்தமான ஆங்கிலத்தில் மன்னிப்பு கேட்பாள், தமிழில் திட்டுவாள். பகலில் திட்ட முடியாததை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள், பாவம். இன்னொருவர் வங்கி மேலாளர். படுக்கையில் கடைசியாகப் பார்ப்பது ஆபீஸ் மெயில். கனவில் அதே மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருப்பாராம், அனுப்பும் பொத்தான் மட்டும் காணாமல் போய்விடுமாம். இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு அலுக்கவே இல்லை.

இந்தக் காதைத் தீட்டிவிட்டவர் எங்கள் டாக்டர் வசுந்தரா. மைசூர்ப் பக்கத்துக்காரர். கன்னட வாடையோடு தமிழ் பேசுவார். படுக்கை அறைகளின் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். மருத்துவமனையில் வேறு எந்த டாக்டரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. “தூங்க வந்தவங்க முன்னாடி டக்டக்குன்னு நடந்தா எப்படி?” என்பார். இத்தனைக்கும் அவருக்கே சரியாகத் தூக்கம் வராது. அதைச் சொல்லி நாங்கள் கேலி செய்தால், “சமையல்காரிக்குப் பசிக்கக் கூடாதுன்னு சட்டமா?” என்று கேட்பார்.

எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று அவர் யாரையும் கேட்க மாட்டார். “அதுக்கு எல்லாரும் நல்ல பிள்ளை மாதிரி ஒரு பதில் வெச்சிருப்பாங்க, லீலா” என்பார். அவருடைய கேள்வி வேறு. “யாரு எப்பிஸ்தாரெ?” யார் எழுப்புகிறார்கள் என்று கன்னடத்தில் கேட்பார், யாராக இருந்தாலும். அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் தயாராக வந்திருக்க மாட்டார்கள். அலாரம் என்பார் ஒருவர். மாமியார் பாத்திரம் உருட்டும் சத்தம் என்பாள் ஒருத்தி. யாரும் எழுப்ப வேண்டாம், பயம் எழுப்பிவிடும் என்றார் ஒரு கல்லூரி ஆசிரியர். அதிலிருந்து பிடித்துக்கொண்டு டாக்டர் அவர்களுடைய முழு நாளையும் கேட்டு வாங்கிவிடுவார்.

ஜெயசீலன் வந்த வாரம் டாக்டர் ஊரில் இல்லை, ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். ஜெயசீலன் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்து, ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுபவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர்க்காரர்கள் பலரையும் போல இவரும் ரயிலேறிவிட்டார். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். பஸ் மெல்ல உருண்டு நடுத்தடுப்பில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கம்பெனி அவரை உடனே வண்டியிலிருந்து இறக்கி, பரிசோதனைக்கு எங்களிடம் அனுப்பிவிட்டது.

கம்பெனி டாக்டர் எழுதி அனுப்பிய குறிப்பில், ‘தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்குகிறார், ஆனாலும் பகலில் தூங்கிவிழுகிறார்’ என்று இருந்தது. போதுமான அளவு தூங்கியும் ஒருவர் பகலில் தூங்கி விழுந்தால், அடக்க முடியாமல் தூக்கம் வரவைக்கும் மூளை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நோய் இருந்தால் பஸ் ஓட்டக் கூடாது. ஜெயசீலனுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். வேறு தொழில் தெரியாது.

முந்தின ராத்திரி லேபிலேயே படுக்க வைத்து, குறட்டை, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை என்று உறுதி செய்தாயிற்று. மறுநாள் பகல் பரிசோதனை. அதன் முறை விநோதமானது. காலையிலிருந்து மாலை வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருட்டறையில் படுக்க வைத்துத் தூங்கச் சொல்வோம். எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறார், தூங்கியதும் கனவு நிலைக்குப் போகிறாரா என்று பார்ப்போம். நடுவில் தூங்கக் கூடாது. காப்பி, டீ கிடையாது. பெங்களூர்க்காரர்களுக்கு அதுதான் பெரிய தண்டனை.

நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவி வயர்களை ஒட்டினேன். தலையில் சில, கண் ஓரங்களில் இரண்டு, தாடையில் மூன்று. பிறகு ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று பார்க்க, அடுத்த அறையிலிருந்து மைக்கில் சொல்வோம்: கண்ணை மூடுங்க, திறங்க, இடது பக்கம் பாருங்க, பல்லைக் கடிங்க. கடைசியில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. “அமைதியா படுத்து, கண்ணை மூடி, தூங்க முயற்சி பண்ணுங்க.” அதில் ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஒருவரிடம் கொஞ்சலாகவும் இன்னொருவரிடம் அதட்டலாகவும் சொன்னால் தூக்கமும் அதற்கேற்றபடி மாறிவிடுமாம்.

சொன்னேன். விளக்கை அணைத்தேன். திரையில் தாடையிலிருந்து வரும் கோடு மெலியவே இல்லை, கறுப்பாகத் தடித்து ஓடியது. காமிராவில் பார்த்தால் மனுஷன் கால் விரல்களை எல்லாம் மடக்கி, போர்வையைக் கையில் சுருட்டிப் பிடித்திருக்கிறார். பிரசவ வலி வந்தவளைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தூங்க முயற்சி பண்ணச் சொன்னால் இவர் தூங்காமல் இருக்க முயற்சி பண்ணுகிறார்!

நேரம் முடிந்ததும் உள்ளே போனேன்.

“என்னண்ணா, தூக்கத்தோட குஸ்தி போடறீங்களா?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். வயர்களோடு தலையைக் குனிந்துகொண்டார்.

“சிஸ்டர், நீங்க நல்லவங்களா தெரியறீங்க, அதான் சொல்றேன். நான் தூங்கிட்டா நோய்னு எழுதிடுவீங்க. நோய்னு எழுதினா பஸ் போச்சு. மூத்த பொண்ணு இந்த வருஷம்தான் நர்சிங் சேந்திருக்கா.”

“நான் சிஸ்டர் இல்லண்ணா, டெக்னீஷியன். எழுதறது டாக்டரம்மா. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க இங்க ஏமாத்திட்டுப் போயி, நாளைக்கு நாப்பது பேரை ஏத்திக்கிட்டு அதே சிக்னல்ல தூங்கினா?”

சுருட்டியிருந்த போர்வையை நீவி மடித்தார். பிறகு, “அந்த நாப்பது பேரும் என்னை நம்பித்தானே பின்னாடி தூங்கறாங்க” என்றார். அடுத்த முறை படுத்தபோது விரல்களை மடக்கவில்லை. நான் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலிக்கு வருவதற்குள் தூங்கிப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தாடைக் கோடு தளர்ந்து மெலிந்தது, கண் கோடுகள் இரண்டும் எதிரும் புதிருமாகத் துள்ளின. கனவு! சாதாரணமாக ஒருவர் தூங்கி ஒன்றரை மணி நேரம் ஆன பிறகு வரவேண்டியது. இவருக்குப் படுத்த உடனே. என் முதுகு நிமிர்ந்துவிட்டது. பார்க்க ஆசைப்பட்ட ஒன்று கண்ணெதிரே நடக்கிறது, அதே சமயம் இந்த மனுஷனுக்கு வேலை போகப்போகிறது. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

எழுப்பி, என்ன கனவு என்று கேட்டேன்.

“எப்பவும் வர்றதுதான். பஸ் போயிட்டிருக்கு. கம்பெனி ஆளுங்க எல்லாரும் தூங்கிட்டிருக்காங்க. நானும் அவங்களோட பின்னாடி சீட்ல உக்காந்து தூங்கிட்டிருக்கேன். அப்புறம்தான் யோசிக்கிறேன், அப்போ வண்டியை யாரு ஓட்டறாங்கன்னு.”

அன்று அதற்குப் பிறகு படுக்க வைத்த ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். படுத்தார், தூங்கினார், கனவுக்குள் போனார். திரையை மட்டும் பார்த்தால் நோய் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். பதிவுகளை முழுக்கப் பார்த்தார். ஜெயசீலனை வரச்சொன்னார். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “யாரு எப்பிஸ்தாரெ?”

ஜெயசீலன் யோசிக்கவே இல்லை.

“காலையில ஸ்டெல்லா எழுப்புவா மேடம், என் வீட்டுக்காரி. அப்புறம் ஒயிட்ஃபீல்டு வந்தா சம்பத் எழுப்புவான்.”

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். “ஒரு காலையில ரெண்டு தடவை எப்படி எழுந்திருப்பீங்க?”

“ரயில்ல தூங்குவோமில்ல மேடம்.”

பிறகு எல்லாம் வெளியே வந்தது. தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் அவர்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. ஏறியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். ஜன்னலோரம் உட்காருகிறவர் மட்டும் தூங்கக் கூடாது, பெரும்பாலும் அது சம்பத். ஜன்னல் காற்றுக்கு அதுதான் விலை. அவரவர் ஸ்டேஷனில் அவரவரை எழுப்பிவிடுவது அவர் பொறுப்பு. காலை ட்ரிப் முடிந்ததும் பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு தூக்கம். ராத்திரி திரும்பும் ரயிலில் இன்னொரு தூக்கம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மூன்றரை மணி நேரத் தூக்கம், மிஞ்சினால் நான்கு. எல்லாவற்றையும் கூட்டித்தான் ஏழெட்டு மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ரயிலில் வருகிற யாரைக் கேட்டாலும் இப்படித்தான் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். எங்கள் தெருக் கடைகளிலேயே தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு பேர் உண்டு. “ரயில்ல நல்லா தூங்கிட்டேன்” என்று அவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டு, எனக்கும் அதில் விபரீதம் எதுவும் தோன்றியதில்லை.

“ஒரு வேட்டியை நாலா கிழிச்சு வெச்சுக்கிட்டு, அளவு சரியா இருக்கேன்னா, கட்டிக்க முடியுமா?” என்று கேட்டார் டாக்டர். பிறகு அவருக்கு நிதானமாக விளக்கினார். கனவு நிலை விடியற்காலையில்தான் நிறைய வரும். அந்த நேரத்தில் ஸ்டெல்லா எழுப்பிவிடுகிறாள். ரயிலில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் காது விழித்தே இருக்கிறது. இப்படி வருஷக்கணக்கில் வாசலில் நிறுத்தி வைத்த கனவு, கதவு கொஞ்சம் திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. நோயிலும் திரையில் இப்படித்தான் தெரியும், பழக்கத்தால் கெட்ட தூக்கத்திலும் இப்படித்தான் தெரியும்.

“அப்போ எனக்கு எது மேடம்?”

“எனக்கும் தெரியாது. தெரியாம எழுத மாட்டேன்.”

அவர் விதித்தது இதுதான். கம்பெனியிடம் சொல்லி இரண்டு வாரம் லீவு. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ரயில் ஏறக் கூடாது. பெங்களூரிலேயே ஒரு வீட்டில், தினமும் ஒரே நேரத்தில் படுத்து, நடுவில் முறியாமல் ஒரே தூக்கமாகத் தூங்க வேண்டும். பிறகு மறுபடி பரிசோதனை. ஜெயசீலனின் தங்கை ஈஜிபுராவில் ஒரே ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீட்டில் இருந்தாள். அங்கே போனார்.

எப்படித் தூங்குகிறார் என்று கேட்க இரண்டு நாளுக்கு ஒரு தடவை நான் போன் செய்வேன். எப்போதும் தங்கைதான் எடுப்பாள்.

“அதை ஏன் கேக்கறீங்க மேடம், ராத்திரி திடீர்னு எழுந்து உக்காந்து, ‘ஒயிட்ஃபீல்டா, ஒயிட்ஃபீல்டா’ன்னு என் வீட்டுக்காரரைப் பிடிச்சு உலுக்கறாரு. இவரும் தூக்கக் கலக்கத்துல, ‘இன்னும் வரலை மச்சான், படு’ன்னு சொல்றாரு. எங்க வீட்ல தினம் ரயில் ஓடுது.”

அவர்கள் ராத்திரியில் டிவியை நிறுத்திவிட்டார்களாம். பிள்ளைகளுக்கு அவர்மேல் ஒரே கோபம். இரண்டாவது வாரத்தில் உலுக்குவது குறைந்தது. ஒரு நாள் போனை ஜெயசீலனே எடுத்தார். குரலில் கூச்சம்.

“சிஸ்டர், ஒரு கனவு வந்துச்சு. சொல்லலாமா? ஒண்ணுமில்ல, எங்க தெருவுல கிரிக்கெட் ஆடறோம். நான் அவுட் ஆயிட்டேன். அவ்வளவுதான். பஸ்ஸே வரலை.”

போனை வைத்த பிறகும் வெகு நேரம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. அவுட் ஆனதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேட்டதே இல்லை.

மறுபரிசோதனை அன்று ஸ்டெல்லாவும் காலை ரயிலில் வந்துவிட்டாள். ஒல்லியான பெண். வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, என் அறை வாசலிலேயே நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, “உள்ள வந்து உக்காரும்மா. சத்தம் மட்டும் போடக் கூடாது” என்றார். அவர் ஒருவரை அப்படி உள்ளே விட்டது அந்த ஒரு முறைதான்.

அதே வாக்கியத்தை, ஒரு வார்த்தை மாற்றாமல், மைக்கில் சொன்னேன். விளக்கை அணைத்தேன். தாடைக் கோடு தளர்வாக ஓடியது. பல்லைக் கடிக்கவில்லை, விரலை மடக்கவில்லை. தூங்கவும் இல்லை. சும்மா படுத்திருந்தார். ஸ்டெல்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப என்னம்மா பண்றாரு?” என்று என் காதில் கேட்டாள்.

“முழிச்சிருக்காரு. நல்லதுதான்.”

“தூங்கற மாதிரியே இருக்கு. இவரு தூங்கற மூஞ்சியை நான் சரியா பாத்ததே இல்லம்மா. வந்து படுக்கும்போது நான் தூங்கிடுவேன். எழுப்பும்போது இருட்டு. எழுப்பற கை என் கையா இருக்கேன்னு தினம் பாவமா இருக்கும்.”

அன்றைக்குப் பகல் முழுவதும் நான் திரையை விட்டு நகரவில்லை. முதல் இரண்டு தடவையும் தூங்கவே இல்லை. மூன்றாவதில் நேரம் முடியப்போகும் சமயத்தில் லேசாகக் கோழித் தூக்கம். கடைசி இரண்டிலும் வெகு நேரம் கழித்துத்தான் கண்ணயர்ந்தார். கனவு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜெயசீலன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வெந்நீரில் நனைத்த துணியால் அவர் தலையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள்.

“உங்களுக்கு நோய் இல்லை, ஜெயசீலன். எழுதித் தர்றேன். பஸ் ஓட்டலாம். ஆனா இந்த ரெண்டு வாரம் தூங்கின மாதிரியே தூங்கணும். பழையபடி ரயில்ல வந்து போனா, பழையபடிதான் ஆகும். அதையும் சேத்துத்தான் எழுதுவேன்.”

அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோய்னா மாத்திரை குடுப்பீங்க. இதுக்கு என்ன மேடம் குடுப்பீங்க? தங்கவயல் வீட்லதான் எங்கப்பா இருந்தாரு, நான் பொறந்தேன். வாடகை இல்லாம இருக்கறதே அது ஒண்ணுலதான். இவளுக்குத் தையல் குடுக்கறவங்க எல்லாம் அந்தத் தெருவுலதான் இருக்காங்க. நான் மட்டும் தனியா இங்க ரூம் எடுத்தா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு விருந்தாளி மாதிரி போயிட்டு வரணும். இல்லைன்னா பஸ்ஸை விடணும்.”

டாக்டர் வசுந்தரா கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.  நான் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தேன். திரையில் எத்தனையோ கோடுகளைப் படித்திருக்கிறேன், இதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஸ்டெல்லா என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். அவர் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பசையை அழுத்தித் துடைத்தாள்.

“தூங்கறதுக்கு வராத ஆளுக்கு எதுக்குய்யா வீடு? சாவியை எங்க அண்ணன்கிட்ட குடுத்துடலாம். ஈஜிபுராவுல ரவிக்கை போடறவங்க இல்லையா?”

“மெஷினை எப்படிடீ கொண்டு வர்றது? அது இரும்பு. ஒத்தை ஆளா தூக்க முடியாது.”

“தூக்கலாம், தூக்கலாம். அதுக்கென்ன அவசரம்? மொதல்ல ஒரு வாரம் நீ நல்லா தூங்கு. அப்புறம் ரெண்டு பேருமா தூக்கலாம்” என்றாள்.